செய்முறை வகுப்பில் முடிவெடுப்பது யார்?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைகளில் ஒன்று, திருப்புத்திறன்களின் தத்துவத்தைக் கொண்டு ஒரு பொருளின் எடையைக் காண்பது. மீட்டர் அளவுகோலின் நடுவில் நூலைக் கட்டி ஸ்டாண்டில் தொங்கவிடுவார்கள். ஒரு பக்கம் எடை தெரிந்த கல், மறுபக்கம் எடை தெரியாத பொருள். நூல் வளையத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, அளவுகோல் கிடைமட்டமாக நிற்கும் இடத்தைப் பிடித்துவிட்டால், இரு பக்கத் தொலைவுகளையும் வைத்துக் கணக்குப் போட்டு எடையைச் சொல்லிவிடலாம். கருவிகள் போதாத பள்ளியில் ஐந்தாறு பேருக்கு ஓர் அளவுகோல்தான் கிடைக்கும். ஒருவர் வளையத்தை நகர்த்துவார், ஒருவர் குனிந்து அளவைப் படிப்பார், ஒருவர் எழுதுவார். மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். சுற்றி நிற்பது யார் என்பது பெரும்பாலும் வகுப்பு தொடங்கும் முன்பே முடிவாகியிருக்கும். பார்வை மங்கிய பிள்ளை, காது கேளாத பிள்ளை, விரல்கள் சொன்னபடி கேட்காத பிள்ளை, மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளை, பேசக் கூச்சப்படும் பிள்ளை. மணி அடித்ததும் எல்லார் ரெக்கார்டு நோட்டிலும் ஒரே அட்டவணையும் ஒரே விடையும் ஏறியிருக்கும். நோட்டைத் திருத்தும் ஆசிரியருக்கு யார் செய்தார், யார் நின்றார் என்று தெரிய வழியே இல்லை.

செய்து கற்றல் நல்லது என்பதை இன்று கல்வியுலகில் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். எல்லாக் குழந்தைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, உள்ளடக்கிய கல்வி என்பதற்குத் தரும் வரையறையில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. குறைபாடு உள்ள மாணவர்களும் இல்லாத மாணவர்களும் சேர்ந்து படிப்பது ஒன்று. கற்பிக்கும் முறையும் கற்கும் முறையும் பலவகைக் குறைபாடு உள்ள மாணவர்களின் தேவைகளுக்கு ஏற்பத் தகவமைக்கப்படுவது இன்னொன்று. நம் பள்ளிகள் முதல் பகுதியைக் கைக்கொண்ட அளவுக்கு இரண்டாவதைக் கைக்கொள்ளவில்லை. அந்த இடைவெளி எங்கும் இருக்கிறது என்றாலும் பளிச்சென்று தெரிவது செய்முறை வகுப்பில்தான். கரும்பலகைப் பாடத்தில் எல்லாரும் உட்கார்ந்து கேட்கிறார்கள், ஆகவே ஒதுக்கம் வெளியே தெரிவதில்லை. செய்முறையில் யார் கையில் பொருள் இருக்கிறது, யார் கையில் இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். எல்லாருக்குமான செய்முறையை அளக்க உதவும் கேள்வி ஒன்று உண்டு என்பது என் வாதம். அந்தப் பாடவேளையில் அந்தப் பிள்ளை எதையாவது முடிவு செய்ததா? பொருளைத் தொட்டதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இந்தக் கேள்வியைச் செய்வழிக் கல்வியின் வரலாற்றின் மீதே வைத்துப் பார்க்கலாம். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கும் முன், கற்பிக்க முடியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு பணியாற்றியவர். இட்டார்ட், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் அத்தகைய குழந்தைகளுக்காக உருவாக்கிய முறைகளை எடுத்து வளர்த்தார். மணல்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் படிப்பது, உருளைகளைக் குழிகளில் பொருத்துவது ஆகியவற்றின் வேர் அங்கே இருக்கிறது. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்ததை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் இன்று நம் நகரங்களில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளிகள் பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கானவை. யாருக்காக ஒரு முறை பிறந்ததோ அவர்களே அதன் வாசலுக்கு வெளியே நிற்கும் நிலை எனக்குப் பெரிய வருத்தத்தைத் தருகிறது. வருத்தத்தைத் தாண்டி அதில் ஒரு சான்றும் இருக்கிறது. செயல்வழிக் கற்றலை மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு ஏற்ப வளைக்கப் புதிதாக எதையோ ஒட்டவைக்க வேண்டியதில்லை. அதன் தொடக்கமே அவர்களிடம் இருந்து வந்தது.

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் இந்த வகையில் கூர்ந்து பார்க்க வேண்டிய முயற்சி. ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப்புறக் கல்வி மையத்தில் உருவான முறையைத் தழுவி, 2003இல் அன்றைய சென்னை மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முன்னெடுப்பில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலத்தின் தொடக்கப்பள்ளிகள் எங்கும் பரவியது. பாடம் சிறு சிறு அட்டைகளாக உடைக்கப்பட்டது. ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு படச் சின்னம். சுவரில் தொங்கும் கற்றல் ஏணியைப் பார்த்து, எழுத்தறியாத பிள்ளைகூடத் தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்து எந்த அட்டையை எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள முடிந்தது. காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடங்க முடிந்தது, வகுப்பு அவளை விட்டுவிட்டு ஓடியிருக்காது. கரும்பலகை குழந்தையின் உயரத்துக்கு இறங்கி வந்தது. மெதுவாகக் கற்கும் குழந்தைக்கு இதைவிட மரியாதையான ஏற்பாட்டை நம் அரசுப் பள்ளி வரலாற்றில் காண்பது கடினம். அடுத்த அட்டையை எடுப்பது என்ற சிறு முடிவு குழந்தையிடம் விடப்பட்டது என்பதே அதன் உண்மையான வலிமை.

அதே முறையின் குறைகளும் அதே இடத்தில்தான் இருந்தன. அட்டைகள் அச்சிட்டவை, கண்ணால் பார்க்க வேண்டியவை. பார்வையற்ற குழந்தைக்கு ஏணியின் படச் சின்னம் ஒரு வழவழப்பான தாள் மட்டுமே. பிள்ளைகள் பாயில் வட்டமாகத் தரையில் அமர வேண்டியிருந்தது. காலிப்பர் அணிந்த குழந்தைக்கும், மூளை முடக்குவாதத்தால் முதுகு நிமிராத குழந்தைக்கும் அந்த வட்டம் எட்டாதது. ஒரே அறையில் ஆறு குழுக்கள் ஆறு வேலை செய்யும்போது எழும் இரைச்சலில், காதொலிக் கருவி அணிந்த பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் தனியாகக் கேட்காது. கருவி பெரும்பாலும் எல்லா ஒலியையும் சேர்த்துத்தான் பெருக்கும். ஆசிரியர் துணையோடு கற்கும் குழு, சக மாணவர் துணையோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு என்று பிரித்ததில், சில பிள்ளைகள் ஆண்டு முழுவதும் முதல் குழுவை விட்டு நகராமல் இருக்கும் அபாயமும் இருந்தது. வேகத்தைக் குழந்தைக்கு விட்டுக்கொடுத்த அந்த முறை, புலன்களையும் உடலையும் ஒரே அச்சில் வைத்துப் பார்த்துவிட்டது. பின்னர் வந்த முயற்சியிலும் இதே சிக்கல் உண்டு. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டம், கருவிப் பெட்டியோடு தன்னார்வலர்களை 6 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் அனுப்புகிறது. ஆய்வகமே இல்லாத நடுநிலைப் பள்ளிக்கு இது பெரிய வரம். ஆனால் எப்போதாவது ஒரு நாள் வந்துபோகிறவருக்கு எந்தப் பிள்ளைக்கு எந்தக் காது கேட்காது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் வகுப்பாசிரியர். பெட்டியில் இருப்பதை முன்கூட்டியே அறிந்தால்தான் அவரால் சொல்ல முடியும்.

உயர் வகுப்புகளுக்குப் போனால் ஒதுக்கம் வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே அதற்குப் பெயர் விலக்கு. பார்வையற்ற மாணவர்களுக்கு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் செய்முறைக்குப் பதிலாக எழுத்துக் கேள்விகளைக் கொடுக்கிறது. பிற வாரியங்களிலும் இதையொத்த சலுகைகள் உண்டு. இந்தச் சலுகைகள் போராடிப் பெற்றவை, அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. தகவமைக்கப்படாத ஆய்வகத்தில் ஒரு பிள்ளையை நிறுத்தி மதிப்பெண்ணை வெட்டுவது கொடுமை, விலக்கு அந்தக் கொடுமையிலிருந்து காத்தது. என்றாலும் சலுகைக்கு ஒரு பக்க விளைவு உண்டு. தேர்வில் செய்முறை இல்லை என்றானதும், ஆண்டு முழுவதும் அந்தப் பிள்ளை ஆய்வகத்துக்கு வரவேண்டிய தேவை பள்ளியின் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. மற்றவர்கள் ஆய்வகத்துக்குப் போகும் இரண்டு பாடவேளைகளில் அவள் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருப்பாள், அல்லது நூலகத்துக்கு அனுப்பப்படுவாள். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கேட்கும்போது, செய்முறை செய்ததில்லையே என்ற பதில் வருகிறது. அன்புடன் தரப்பட்ட விலக்கு, பிற்பாடு தகுதியின்மைக்குச் சாட்சியாகிறது. டெல்லியைச் சேர்ந்த பார்வையற்ற மாணவர் கார்த்திக் சாஹ்னி மேல்நிலையில் அறிவியல் படிக்கவே வாரியத்தோடு நீண்ட கடிதப் போர் நடத்த வேண்டியிருந்தது. 2013இல் மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு பள்ளிப் படிப்பை முடித்தார். ஐஐடி நுழைவுத் தேர்வை எழுத அவருக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவரைப் போலக் கடிதம் எழுதத் தெரியாத, எழுதித் தர யாருமற்ற பிள்ளைகள் விலக்கை வாங்கிக்கொண்டு கலைப் பிரிவுக்குப் போயிருப்பார்கள். கலைப் பிரிவு தாழ்ந்தது என்று சொல்லவில்லை. தேர்ந்தெடுத்துப் போவது வேறு, தள்ளப்பட்டுப் போவது வேறு.

அறிவியல் என்பது கண்ணால் பார்த்துச் செய்யும் வேலை என்ற நம்பிக்கை விலக்கின் அடியில் கிடக்கிறது. இதற்கு மிக வலுவான மறுப்பு கீராட் வெர்மேய் என்ற உயிரியலாளரின் வாழ்க்கை. 1946இல் நெதர்லாந்தில் பிறந்து, மூன்று வயதில் பார்வையை முழுவதும் இழந்து, குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். நான்காம் வகுப்பில் அவருடைய ஆசிரியை ஃபுளோரிடாக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த சிப்பிகளை வகுப்பில் அடுக்கிவைத்தார். அவற்றை எடுத்துத் தடவிப் பார்த்த சிறுவன், வெப்பக் கடலின் சிப்பிகள் தான் அதுவரை அறிந்த சிப்பிகளைவிட எவ்வளவு வேலைப்பாடு மிக்கவை என்று கண்டு, ஏன் அப்படி என்று கேட்கத் தொடங்கினான். பின்னாளில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியராகி, நண்டுகளின் தாக்குதலுக்கு ஏற்பச் சிப்பிகளின் ஓடு எப்படிப் பரிணமித்தது என்பதை ஆராய்ந்தார். உடைந்து மீண்டும் ஒட்டி வளர்ந்த ஓட்டின் தழும்பை அவர் விரல் நுனியால் கண்டார். இவரைச் சாதனையாளர் வரிசையில் நிறுத்தி வியப்பதோடு நின்றுவிட்டால் பாடம் தவறிப்போகும். அந்த ஆசிரியை சிறப்பாக ஒன்றும் தயாரிக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டும் இடத்தில் சிப்பிகளை வைத்தார், எடுத்துப் பார்க்க விட்டார். கேள்வியைச் சிறுவனே எழுப்பிக்கொண்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்து, தொடாதே என்று எழுதி ஒட்டியிருக்கும் நம் பள்ளி அருங்காட்சியக அலமாரிகளை நினைத்துப் பார்க்கிறேன்.

தொடக்கத்தில் சொன்ன அளவுகோலுக்குத் திரும்புவோம். அதைப் பார்வையற்ற மாணவி தனியாகச் செய்ய என்ன வேண்டும்? மர அளவுகோலின் மேல் விளிம்பில் சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிறு அரத்தால் பள்ளம் கீற வேண்டும், ஐந்துக்கு ஒருமுறை ஆழமாகவும் பத்துக்கு ஒருமுறை இரட்டையாகவும். நூல் வளையம் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும், வழுக்காது. கீறியதில் ஒரு பக்கம் கனத்துச் சாய்ந்தால் இன்னொரு முனையில் துளி களிமண் ஒட்டிச் சரிசெய்யலாம். அளவுகோல் கிடைமட்டமாக நிற்கிறதா என்று எப்படி அறிவாள்? நேரடியாகத் தொட்டால் அசைந்துவிடும். இரண்டு சுட்டுவிரல்களையும் ஒரே உயரத்தில் இரு முனைகளுக்கும் கீழே ஒரு நூலிழை இடைவெளியில் வைத்தால் போதும். எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்த விரலில் முனை வந்து தட்டும். எந்த விரலிலும் தட்டாமல் நின்றால் சமநிலை. 50 கிராம் கல் நடுவிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்க, தெரியாத பொருள் 25ஆவது பள்ளத்தில் சமன் செய்தால் அதன் எடை 40 கிராம் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவாள். வெளிப்புறம் தள்ளினால் அந்தப் பக்கம் இறங்கும் என்பதைக் கண்ணால் பார்ப்பவர்களைவிட அவள் நன்றாகவே உணர்ந்திருப்பாள், ஏனென்றால் அது அவள் விரலில் தட்டிய செய்தி. அதே பாடத்திட்டத்தில் உப்பு கரையும்போது வெப்பம் உமிழ்கிறதா கொள்கிறதா என்று காணும் சோதனையும் இருக்கிறது. அம்மோனியம் குளோரைடைக் கரைத்த குவளை குளிர்வதை வெளிப்புறத்தில் கைவைத்தே அறியலாம். பூவின் பாகங்களை அறியும் செய்முறைக்குச் செம்பருத்தியை எடுத்தால், சூலகத் தண்டைச் சுற்றிக் குழலாக ஒட்டியிருக்கும் மகரந்தத் தாள்களையும் நுனியில் ஐந்தாகப் பிரியும் சூல்முடியையும் விரல்கள் நன்றாகவே எண்ணும். தகவமைப்பு என்றதும் விலையுயர்ந்த கருவியைக் கற்பனை செய்துகொண்டு, இருப்பதைக் கூர்ந்து பார்க்காமலேயே கைவிரித்துவிடுகிறோம்.

வேதியியலில் நிலைமை கடினம் என்பார்கள், அதில் உண்மை இருக்கிறது. அமிலமா காரமா என்று காட்டும் லிட்மஸும் மஞ்சளும் ஃபினால்ஃப்தலீனும் நிறத்தால் பேசுபவை. ஆனால் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலேயே வாசனையால் பேசும் காட்டிகள் பற்றிய செயல்பாடு ஒன்று நீண்டகாலமாக இருந்துவருகிறது. நறுக்கிய வெங்காயத்தோடு சிறு துணித் துண்டுகளை ஒரு பையில் போட்டுக் கட்டி இரவு முழுவதும் வைத்தால் துணியில் வெங்காய வாசனை ஏறிவிடும். ஒரு துண்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இன்னொன்றில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடும் சில துளிகள் விட்டு, நீரில் அலசி முகர்ந்தால், அமிலம் பட்ட துணியில் வாசனை இருக்கும், காரம் பட்டதில் போய்விட்டிருக்கும். வெனிலா எசென்ஸும் அப்படியே. பார்வையற்ற மாணவர் பாதுகாப்பாகத் தனியாகச் செய்யக்கூடிய சோதனை பாடநூலில் அச்சாகிக் கிடக்க, பல வகுப்புகளில் அது வேடிக்கைத் தகவலாகப் படித்துக் கடக்கப்படுகிறது. இங்கே இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்குக் கடும் வாசனை தாங்க முடியாத வேதனை. வெங்காயப் பை திறந்த அறையில் அவர்களால் நிற்கவே முடியாது. ஒரு பிள்ளைக்காகத் திறந்த வழி இன்னொரு பிள்ளையை வெளியேற்றலாம். ஆகவே எல்லாருக்கும் பொருந்தும் ஒற்றை வடிவமைப்பு என்று சில பயிற்சிக் கையேடுகள் தரும் நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. ஒரே கருத்துக்கு இரண்டு மூன்று பாதைகளை வைத்துக்கொண்டு, எந்தப் பாதை என்பதைப் பிள்ளையிடம் கேட்பதே நடக்கக்கூடியது. அமிலமும் காரமும் எதிரெதிராக நடந்துகொள்கின்றன என்ற கருத்துதான் இலக்கு. சிவப்பு நிறம் அதற்கு ஓர் அடையாளம் மட்டுமே.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது, அடையாளமே காணப்படாமல் வகுப்பில் இருக்கும் ஒரு கூட்டத்தையும் நினைக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத நிறப்பார்வைக் குறைபாடு ஆண்பிள்ளைகளிடம் அதிகம். அப்படி ஒரு பையன் உப்புப் பகுப்பாய்வில் ஸ்ட்ரான்ஷியத்தின் செந்தழலையும் பேரியத்தின் பசுந்தழலையும் குழப்பினால், கவனக்குறைவு என்று திட்டு வாங்குவான். தனக்கு வேறு மாதிரித் தெரிகிறது என்பதே அவனுக்குத் தெரியாது. காது கேளாத பிள்ளையின் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஆசிரியர் குழாயைச் சாய்த்து அமிலத்தை ஊற்றியபடியே, இப்போது பாருங்கள், குமிழ் வருகிறது, ஏன் தெரியுமா என்று பேசிக்கொண்டே போகிறார். கேட்கும் பிள்ளையின் கண் குழாயிலும் காது பேச்சிலும் இருக்கும். கேளாத பிள்ளைக்கு இரண்டுமே கண்ணின் வேலை. உதட்டையோ சைகையையோ பார்த்தால் குமிழ் போய்விடும், குமிழைப் பார்த்தால் விளக்கம் போய்விடும். இதைச் சரிசெய்யப் பணம் எதுவும் தேவையில்லை. முதலில் சொல்ல வேண்டும், நிறுத்த வேண்டும், பிறகு பேசாமல் செய்து காட்ட வேண்டும், மறுபடி முகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிக் கேட்க வேண்டும். இந்த ஒழுங்கு கேட்கும் பிள்ளைகளுக்கும் நன்மை செய்யும் என்று எதிர்பார்க்கலாம். பேச்சு ஓய்ந்த அந்த அரை நிமிடத்தில் அவர்களும் உண்மையில் பார்க்கத் தொடங்குவார்கள்.

கைகளையே பயன்படுத்த முடியாத பிள்ளையின் நிலை என்ன? செய்து கற்றல் என்றால் கையால் தொடுவது என்று புரிந்துகொண்டவர்கள் இங்கே திகைத்து நின்றுவிடுகிறார்கள். பிப்பெட்டுக்குப் பதில் ஊசியில்லாத சிரிஞ்சு, தடித்த கைப்பிடி, மேசையில் ஒட்டிய குவளை என்று சில கருவி மாற்றங்கள் கொஞ்ச தூரம் உதவும். அதற்கு மேல் உதவியாளர் வேண்டும். உதவியாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பொதுவாக உதவியாளர் அக்காவோ சக மாணவரோ சோதனையைத் தானே முடித்து, விடையைச் சொல்லி, எழுதியும் தந்துவிடுவார். அந்தப் பிள்ளை நன்றி சொல்லக் கற்றுக்கொள்ளும், அறிவியலைக் கற்காது. இதற்கு மாறாக, பிள்ளை சொன்னதை மட்டும், சொன்ன வரிசையில் மட்டும் செய்பவராக உதவியாளர் இருந்தால் வகுப்பே வேறாகிவிடும். எடையை எந்தப் பள்ளத்தில் மாட்டுவது, எந்தப் பக்கம் நகர்த்துவது என்று பிள்ளை சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் தவறாகவே செய்ய வேண்டும், ஆபத்து இருந்தால் ஒழிய. அளவுகோல் சாய்ந்ததைப் பார்த்துத் தன் தவறைத் தானே திருத்தும் உரிமை அந்தப் பிள்ளைக்கும் உண்டு. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்குப் படிகளைப் படங்களாக வரைந்து தரலாம். ஆனால் எல்லாப் படிகளையும் வரைந்துவிட்டு, ஒன்றே ஒன்றை, எதை அடுத்து மாட்டலாம் என்பதை, அவனிடமே விட்டுவைக்க வேண்டும். தொடாத கையும் செய்ய முடியும், முடிவு அந்தப் பிள்ளையுடையதாக இருந்தால். தொட்ட கையும் சும்மா இருந்திருக்கலாம், ஒவ்வொரு அசைவும் ஆசிரியர் சொன்னபடி நடந்திருந்தால்.

முடிவு யாருடையது என்ற கேள்வியை அளவுகோலாக எடுத்துக்கொண்டு பார்த்தால் குறைபாடு என்ற பட்டியலில் வராத பிள்ளைகளும் கண்ணில் படுகிறார்கள். கலந்து படிக்கும் பள்ளிகளில் கருவியைப் பையன்கள் பிடிக்க, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பெண்பிள்ளைகளிடம் நோட்டைத் தள்ளுவது பழகிப்போன காட்சி. தெர்மாகோல், கலர் பேப்பர், சிறு மோட்டார், பேட்டரி வாங்கிவந்து மாதிரி செய்யச் சொல்லும் ப்ராஜெக்டுகளில், வாங்க முடிந்த வீட்டின் பிள்ளை முதல் பரிசு பெறுகிறது. அதிலும் பாதியை அப்பாவோ ஸ்டேஷனரிக் கடையோ செய்திருக்கும். வாங்க முடியாத பிள்ளை அன்று பள்ளிக்கு வராமலே இருந்துவிடுகிறது. அறிவியல் கல்வியாளர் அரவிந்த் குப்தா தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் பழைய காகிதமும் கொண்டு செய்த விளையாட்டுப் பொருள்கள் இந்தச் சுவரை உடைத்தன. அவர் பங்கெடுத்த ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் 1972 முதல் 2002 வரை மத்தியப் பிரதேசக் கிராமப் பள்ளிகளில் மலிவான கருவிப் பெட்டிகளைக் கொண்டே நடந்தது. பொருளைப் பள்ளியே தர வேண்டும், வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லக் கூடாது என்ற எளிய விதி, பல பிள்ளைகளுக்குச் சாய்தளம் செய்வதைச் செய்யும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்பில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. உயர்நிலைப் பள்ளியில் ஒரே பிரிவில் அதைவிட அதிகம் பேர் இருப்பது வழக்கம். பாடப்பகுதியை முடிக்கும் அவசரம், பதிவேடுகள், ஆய்வக உதவியாளர் பணியிடம் காலி. இந்தச் சுமைக்கு மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி மாற்றம் என்றால் எந்த ஆசிரியரும் களைத்துப்போவார். அதனால்தான் மாற்றத்தைப் பிள்ளையில் தொடங்காமல் பொருளில் தொடங்கச் சொல்கிறேன். ஒருமுறை பள்ளம் கீறிய அளவுகோல் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அலமாரியில் இருக்கும். வட்டார வள மையத்தில் பிரெயிலும் சைகையும் அறிந்த சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். இன்று அவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கு வந்து அந்த ஒரு பிள்ளையைத் தனியே அழைத்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள். அந்த மணி நேரத்தை அறிவியல் ஆசிரியரோடு ஆய்வக அலமாரியின் முன் செலவிட்டால் பள்ளிக்கு நிலையாக ஏதாவது மிஞ்சும். ஆனால் அந்தச் சிறப்பாசிரியர்கள் பலரும் ஒப்பந்த ஊதியத்தில் ஆண்டுகளைத் தள்ளுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்கள் வேலையின் நிலையின்மையைத் தீர்க்காமல் அவர்களிடம் மேலும் கேட்பது சரியாகாது.

பாதுகாப்பு பற்றிய அச்சம் இன்னும் கனமானது. அமிலமும் தீயும் உள்ள இடத்தில் பார்வையற்ற பிள்ளையை விடலாமா? ஆய்வக விபத்து நடந்தால் ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று தள்ள மாட்டேன். ஆனால் ஆய்வகத்தை அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பாக்கும் வழிகளைப் பாருங்கள். பொருள்கள் எப்போதும் அதே இடத்தில் இருக்க வேண்டும், குப்பியின் கழுத்தில் ரப்பர் வளையம் போட்டு அமிலத்தை அடையாளப்படுத்த வேண்டும், நடைபாதையில் பை கிடக்கக் கூடாது, அடர் அமிலத்தை மாணவர் கையில் தரக் கூடாது, கண் கவசம் எல்லாருக்கும் வேண்டும். இவை அனைத்தும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எப்போதோ இருந்திருக்க வேண்டியவை. பார்வையற்ற பிள்ளைக்கு ஆபத்தான ஆய்வகம் பெரும்பாலும் மற்றவர்களுக்கும் ஆபத்தானதே. அதைச் சரிசெய்யாமல் ஒரு பிள்ளையை மட்டும் வெளியே அனுப்புவதால் பாதுகாப்பு கூடுவதில்லை.

தரம் தளர்ந்துவிடும் என்ற வாதத்துக்கும் பதில் வேண்டும். சென்டிமீட்டர் பள்ளத்தில் அளந்தால் மில்லிமீட்டர் நுட்பம் போய்விடுமே? போகும். அந்த நுட்பம் வெர்னியர் அளவியிலும் திருகு அளவியிலும் தேவை, அங்கே எண்களைப் பேசிக் காட்டும் மின்னணு அளவிகள் வேண்டும். திருப்புத்திறன் சோதனையில் மாணவர் கற்க வேண்டியது விசைக்கும் தொலைவுக்கும் உள்ள உறவு. நூலின் தடிமனே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போது, கண்ணால் படித்த மில்லிமீட்டர்கள் எவ்வளவு உண்மையானவை என்று எல்லா மாணவரிடமும் கேட்கலாம், பிழையைப் பற்றிய நல்ல பாடமாக அது அமையும். குவிலென்சின் குவியத்தொலைவு காணும் சோதனையில் மட்டும் நான் தயங்கி நிற்கிறேன். திரையில் தொலைப்பொருளின் பிம்பம் தெளிவாக விழும் இடத்தைத் தேடுவது கண்ணின் வேலை. ஒளி கூடும்போது சுருதி ஏறும் எளிய ஒளியுணர்விச் சுற்றைக் கொண்டு ஒரு விளக்கின் ஒளி குவியும் புள்ளியைக் காதால் தேடலாம். ஆனால் பிம்பம் தலைகீழாக இருக்கிறது என்பதைக் காது சொல்லாது. சில அனுபவங்களை மாற்றித் தரலாம், சிலவற்றை முழுமையாக மாற்றித் தர முடியாது. அந்த இடத்தில் விலக்கு நியாயமானது, ஆனால் அந்த ஒரு சோதனைக்கு மட்டும், அதுவும் பிள்ளை கேட்டால்.

தனிப் பள்ளிகளே இதை நன்றாகச் செய்யும் என்று சொல்பவர்களும் உண்டு. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் தோன்றின. கையால் கற்பிக்கும் கலையில் அவற்றுக்கு இருக்கும் அனுபவம் பொதுப் பள்ளிகளிடம் இல்லை. சைகை மொழியில் சகஜமாகப் பேசும் தோழர்களோடு இருப்பது காது கேளாத பிள்ளைக்கு எவ்வளவு தேவை என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லா ஊரிலும் அத்தகைய பள்ளி இல்லை, விடுதிக்கு அனுப்பாமல் தெருமுனைப் பள்ளியில் சேர்க்க விரும்பும் பெற்றோருக்கு அந்த உரிமை உண்டு. அந்தப் பழைய பள்ளிகளின் ஆசிரியர்களைப் பக்கத்துப் பொதுப் பள்ளி ஆய்வகத்துக்கு அழைத்து, இந்த அலமாரியில் எதை எப்படி மாற்றலாம் என்று கேட்கும் ஏற்பாடு ஏன் வழக்கமாகவில்லை என்று புரியவில்லை.

கடைசியில் எல்லாம் தேர்வில் வந்து முட்டுகிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. அந்த 25 இப்போது பெரும்பாலும் சரியான விடைக்கும் சுத்தமான ரெக்கார்டு நோட்டுக்கும் போகிறது. தேர்வாளர் அளவுகோலின் ஒரு பக்கக் கல்லைச் சற்று நகர்த்திவிட்டு, மறுபக்கத்தை இனி எங்கே வைப்பாய், ஏன், என்று கேட்டு அதற்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்கினால், பார்த்துச் சொல்பவரும் தடவிச் சொல்பவரும் சைகையில் சொல்பவரும் உதவியாளருக்குக் கட்டளையிட்டுச் செய்விப்பவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லலாம். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதியவரால் சொல்ல முடியாது. அப்படி ஒரு கேள்வி மார்ச் மாதத்தில் வரும் என்று தெரிந்தால், ஜூன் மாதத்திலேயே ஆசிரியர் குழுவைச் சுற்றி வந்து, ஓரமாக நிற்கும் பிள்ளையிடம் நூல் வளையத்தைக் கொடுத்து, நீ எங்கே வைக்கச் சொல்கிறாய் என்று கேட்பார்.